ஓஓ டெல்டிக்: உடம்பு சரி, கால் ஏன் ஒடுங்கிப் போச்சு?

கைகாட்டி:
ரொம்ப நாள் ஆசை, பிரிட்டனின் கிளாஸ் 55 டெல்டிக் டீசல் லோகோவின் மாடல் ஒன்று வாங்கிவிட்டேன், ஓஓ என்ற மாடல் அளவில். பச்சை வண்ணம், நீண்ட மூக்கு, மேலே விசிறி எல்லாம் அச்சு அசல். ஆனால் கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி நேர் எதிரே பார்த்தால் வயிறு எரிகிறது. அவ்வளவு பெரிய உடம்புக்கடியில் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கிக் கிடக்கின்றன. ஓஓ என்றால் அடிக்கு 4 மி.மீ., அதாவது 76.2-ல் ஒரு பங்கு. நிஜ கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி, 1435 மி.மீ., அப்படியானால் மாடலில் 18.83 வரணும். கொடுத்திருப்பது 16.5. எச்ஓ என்ற இன்னொரு மாடல் அளவு போல 87-ல் ஒரு பங்காகச் செய்திருந்தால் இதே 16.5 கனகச்சிதமாகப் பொருந்தியிருக்கும். இந்தப் பொய்யை எத்தனை காலம் விற்பார்கள்?

டீசல்புகை:
பழைய பஞ்சாயத்து. பிரிட்டனில் பாலமும் சுரங்கமும் ஐரோப்பாவைவிடக் குறுகல், அதனால் லோகோவும் ஒல்லி. போருக்கு முந்தைய மோட்டார்களோ குண்டு. 87-ல் ஒரு பங்கு உடம்புக்குள் அவை நுழையாது. எனவே உடம்பை ஊதவைத்துவிட்டுத் தண்டவாளத்தைத் தொடாமல் விட்டார்கள். 1938-ல் ஹார்ன்பி டப்ளோ மாடல் ரயிலும் அதே வழியில் வந்தது. அப்புறம் யார் திரும்புவார்?

கைகாட்டி:
அது நீராவி லோகோவுக்கான சாக்கு. கொதிகலனுக்குள் மோட்டாரைத் திணிக்கணும், வெளியே தண்டுகள் ஆட இடம் விடணும், ஒத்துக்கொள்கிறேன். டெல்டிக் 69 அடி 6 அங்குலப் பெட்டி. மோட்டார் உள்ளே பாய் விரித்துத் தூங்கலாம்.

டீசல்புகை:
சும்மாவா இருந்தார்கள்? 60-களில் பிளேகிராஃப்ட் கம்பெனி, பிரிட்டிஷ் டீசலை எச்ஓ-வில் விற்றது. 70-களில் லிமா, கிளாஸ் 33-ஐ எச்ஓ-வில் கொண்டுவந்தது. கடைசியில் ஓஓ-வுக்கே மாறிக்கொண்டது. ஃபிளைஷ்மான் என்ற ஜெர்மன் கம்பெனியின் கதைதான் வேடிக்கை. வார்ஷிப் என்ற பிரிட்டிஷ் டீசல் லோகோவே ஜெர்மனியின் வி200 லோகோவைப் பிரிட்டிஷ் அளவுக்குச் சுருக்கிச் செய்தது. அதன் மாடலை அந்த ஜெர்மன் கம்பெனியே எச்ஓ-வில் செய்தும் அந்த வழி நிலைக்கவில்லை. லோகோ வந்தது, ஆனால் பின்னால் கோக்கப் பெட்டி, சரக்கு வேகன், பக்கத்தில் நிறுத்த வேறு லோகோ எல்லாம் ஓஓ-வில்தான் கிடைத்தன. ஒற்றை மாட்டை வைத்து யார் ஏர் பூட்டுவது?

இன்னொன்று. உங்கள் லேஅவுட்டில் வளைவு என்ன? இரண்டாம் ஆரம் என்று விற்கும் 438 மி.மீ. வளைவுதானே? அதை நிஜ அளவுக்குப் பெருக்கினால் சுமார் 33 மீட்டர். நிஜ டெல்டிக் அதில் திரும்பவே திரும்பாது. அந்தப் பொய்யை விழுங்கிவிட்டு 2.33 மி.மீ. தொண்டையில் சிக்குகிறது என்கிறீர்கள்.

கைகாட்டி:
வளைவைச் சுவரோரம் மறைக்கலாம். முகத்தை மறைக்க முடியுமா?

லூப்லைன்:
கைகாட்டி அண்ணே, டீசல்காரர் இதற்கு அழவே கூடாது. நீராவி லோகோவை 18.83-க்கு மாற்றுவதற்குள் சிலிண்டர், தண்டு, சட்டம் என்று பாதி லோகோவைக் கழற்றிவிடுவோம். டீசலில் பெரும்பாலும் சக்கர அச்சை மாற்றினால் வேலை முடிந்தது. போகியின் (அடியில் இருக்கும் சக்கரத் தொகுதியின்) பக்கச் சட்டம் ஏற்கெனவே வெளியேதான் நிற்கிறது, உள்ளே இடம் காலி. பிரேக் கட்டையை மட்டும் கொஞ்சம் தள்ளவேண்டிவரலாம். பி4, அதாவது அந்த 18.83 கேஜ், பயமாக இருந்தால் இஎம் கேஜ் இருக்கிறது, 18.2 மி.மீ.

டீசல்புகை:
சக்கரம் மாற்றுவது ஒரு மாலை வேலை. தடம் பிரியும் பாயிண்டுகள்? பி4 சக்கர விளிம்பு மெல்லிசு, தண்டவாளம் இம்மி ஏறி இறங்கினாலும் தடம் புரளும். யார்டு ஒன்று கட்டி முடிப்பதற்குள் தலை நரைக்கும்.

லூப்லைன்:
நரைக்கட்டும். ஆனால் கண்ணை உறுத்துவது பாதி நேரம் கேஜே இல்லை. ஓஓ என்று நம்பி வாங்கும் சாதாரண தண்டவாளத்தில் ஸ்லீப்பர் கட்டைகள் எச்ஓ அளவில் நெருக்கமாக இருக்கும். பிரிட்டிஷ் இடைவெளியில் கட்டை வைத்த 16.5 தண்டவாளம் இப்போது கிடைக்கிறது. அதைப் போட்டுப் பாருங்கள், ஒடுக்கம் பாதி மறைந்துவிடும்.

யாழ்தேவி:
அண்ணைமார், நீங்கள் 2.33-க்கு இப்பிடிச் சண்டை பிடிக்கிறியள். எங்கட எம்1 லோகோ தெரியுமோ? 1950-களில் பிரஷ் பேக்னல் செய்து இலங்கைக்கு அனுப்பினது. பிரிட்டனில் பிறகு வந்த கிளாஸ் 31-க்கு மூத்தது எண்டு சொல்லலாம். மிர்லீஸ் இன்ஜின், போகிக்கு மூன்று அச்சு, நடு அச்சு சும்மா உருளும். ஆனால் எங்கட கேஜ் 1676. 76.2-ஆல் வகுத்தால் 22 மி.மீ.! கிளாஸ் 31 மாடலை எம்1 ஆக்கி 16.5-ல்தான் விடுறன். எனக்கு ஐந்தரை மி.மீ. காணேல்லை, நான் நித்திரை கொள்றேல்லையோ?

டீசல்புகை:
இது பேச்சு! நீராவி லோகோ 55 செய்த வேலையை வெறும் 22 டெல்டிக்குகள் எடுத்துக்கொண்டன. இரண்டு நேப்பியர் இன்ஜின், ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர், மொத்தம் 3300 குதிரைசக்தி. அந்த ரீங்காரம்தான் டெல்டிக். சத்தச் சிப் வைத்த மாடலில் முதல் இன்ஜின் இருமிக்கொண்டு எழுந்து, பின் இரண்டாவதும் சேரும்போது சக்கரத்தை யார் பார்க்கிறார்கள்?

கைகாட்டி:
நான் பார்க்கிறேன். இஎம் சக்கரம் ஆர்டர் போட்டாச்சு. பாயிண்ட் வேண்டாம், மூன்றடி நேர்த் தண்டவாளம், அலமாரி மேலே, கண் மட்டத்தில்.

டீசல்புகை:
3300 குதிரையை மூன்றடியில் கட்டிப்போடப் போறீங்களா? நல்லாயிருங்க.