சும்மா கெடைக்குற உரம் ஊசியிலை காட்டுக்கு ஏன் ஆகல?

பச்சைக்கிளி: ஒரு சந்தேகம் மக்களே. காத்துல 78% நைட்ரஜன் தான், பயிருக்கும் அதைத்தான் உரமா போடுறோம், அப்புறம் பைன், ஸ்ப்ரூஸ் காடெல்லாம் நைட்ரஜன் மாசால கெடுதுன்னு ஏன் சொல்றாங்க? மரம் நல்லா தானே வளரணும்?

வேர்முடிச்சு: அந்த 78% வேற பாஸ், அதை மரத்தால நேரா எடுத்துக்கவே முடியாது. வில்லன் வண்டிப்புகை, அனல்மின் நிலையத்துல இருந்து வர்ற நைட்ரஜன் ஆக்சைடும், சாணம் உரத்துல இருந்து கெளம்புற அம்மோனியாவும் தான். ஊசியிலை மரங்க பெரும்பாலும் வருஷம் பூரா இலையோட நிக்குதா, காத்துல வர்றதை எல்லாம் சலிச்சு புடிச்சு வச்சுக்கும், மழை வந்தா மொத்தமா கழுவிட்டு மண்ணுக்கு இறங்கிடும்.

மொதல்ல நல்லா தான் வளரும், ஏமாறுறதே அங்க தான். இந்த காடுங்க பஞ்சத்துலயே பழகுனது, வேர்ல ஒட்டியிருக்குற பூஞ்சை தான் சத்தை தேடி கொண்டாந்து குடுக்கும், மரம் பதிலுக்கு சர்க்கரை குடுக்கும். மேல இருந்தே நைட்ரஜன் கொட்டுனா மரம் பூஞ்சைக்கு படியளக்குறத கொறச்சுடும். பூஞ்சை போனா பாஸ்பரஸும் போச்சு.

பச்சைக்கிளி: மிச்சம் மண்ணுக்கு கீழ போயிடாதா?

சருகு: போகும், ஆனா தனியா போகாது. மிச்ச நைட்ரஜன் நைட்ரேட்டுங்கிற உப்பா மாறி தண்ணியோட இறங்குறப்போ கால்சியம், மெக்னீசியத்தையும் கூட்டிட்டு போயிடும், மண்ணு அமிலமாகும், அலுமினியம் கரைஞ்சு வேரை பதம் பாக்கும், ஊசி மஞ்சளாகும். அமெரிக்கால ஹார்வர்ட் ஃபாரஸ்ட்ல 1988ல இருந்து ரெட் பைனுக்கு வருஷம் ஹெக்டேருக்கு 150 கிலோ நைட்ரஜன் போட்டு பாத்தாங்க, நாளாக நாளாக மரங்க கூட்டமா செத்துச்சு.

குறுக்குக்கேள்வி: 150 கிலோல்லாம் காத்துல வராதுங்க, அதை வச்சு பயமுறுத்தாதீங்க.

சருகு: நியாயம் தான், அது வேணும்னே அதிகமா போட்டது. ஆனா ஊசியிலை காட்டுக்கு ஐரோப்பால 2022ல வச்ச தாங்குற வரம்பே வருஷம் ஹெக்டேருக்கு 3 முதல் 15 கிலோ தான். பாசி மாதிரி மரத்துல ஒட்டியிருக்குமே லைக்கன், மரம் வாடுறதுக்கு ரொம்ப முன்னாடியே அது காணாம போயிடும். நெதர்லாந்துல பைன் காட்டுக்குள்ள கூரை போட்டு மாசு மழையை தடுத்து, சுத்தமான தண்ணி மட்டும் விட்டு பாத்தாங்க, நைட்ரேட் கசியறது மளமளன்னு கொறஞ்சுச்சு.

பச்சைக்கிளி: அப்போ சுண்ணாம்பு தூவுனா சரியாயிடுமா?

வேர்முடிச்சு: அமிலத்துக்கு உதவும், ஜெர்மனில தூவுறாங்க. நைட்ரஜன் அப்படியே தான் இருக்கும், சில மண்ணுல மக்குறது வேகமாகி நைட்ரேட் இன்னும் ஜாஸ்தியா கூட கசியும்.