ஆள்தொடர் விளக்கு: ரிமோட் ஃபாலோ ஸ்பாட்டுக்கு ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

> கச்சேரி மேடையில் பாடகர் போகுமிடமெல்லாம் கூடவே போகும் ரிமோட் ஃபாலோ ஸ்பாட்டை ‘தானியங்கித் தொடர் விளக்கு’ எனலாமா?

எனக்கு இரண்டு பாதியுமே இடிக்கிறது. சுலபமானதை முதலில் முடித்துவிடுகிறேன். ‘தொடர் விளக்கு’ வினைத்தொகையாகச் சரிதான். ஆனால் பந்தல்காரரிடம் சொல்லிப் பாருங்கள், சீரியல் செட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். ‘பின்தொடர் ஒளி’ என்று நம் குழுவில் ஓர் ஐயா சொன்னதில் வேறு சிக்கல். முதுகுப்பக்கமிருந்து அடிக்கும் விளக்குக்கு ஏற்கெனவே ‘பின்னொளி’ என்கிறோம். இதுவோ பெரும்பாலும் முன்னாலிருந்து முகத்தில் விழுவது. ‘ஒளிவட்ட விளக்கு’ வேண்டவே வேண்டாம். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுழலும் பாடகர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

என் யோசனை ‘ஆள்தொடர் விளக்கு’. பாடகரானாலும் ஆடுபவரானாலும் கிதார்காரரானாலும் அது தொடர்வது ஆளைத்தான்.

இனி ‘தானியங்கி’. இதை ஏற்றால் பொருளே மாறிவிடும். 19ஆம் நூற்றாண்டு நாடக அரங்குகளில் சுண்ணாம்புக் கட்டியைச் சுடரில் காய்ச்சி ஒளி எடுத்த காலம் தொட்டு, கார்பன் ஆர்க், செனான் என்று விளக்கு மாறிக்கொண்டே வந்தாலும், அதன் பின்னால் ஓர் ஆள் நின்றார். ஒரு கை விளக்கைத் திருப்பும். மற்றொரு கை ஐரிஸ் (ஒளிவட்டத்தின் அளவை மாற்றுவது), டிம்மர் (ஒளியைக் கூட்டிக் குறைப்பது), வண்ண நெம்புகோல்களில் இருக்கும். காதில் ஹெட்செட். ‘ரெண்டாம் ஸ்பாட், பாடகர், இடுப்புக்கு மேலே, ரெடி’ என்று ஒளி இயக்குநர் சொல்லுவார். பெரிய அரங்கு என்றால் கயிற்றேணியில் டிரஸ் (மேடைக்கு மேலே விளக்குகளைத் தொங்கவிடும் உலோகச் சட்டம்) மேல் ஏறி, பாதுகாப்பு வார் மாட்டி, அங்கே கட்டிய நாற்காலியில் நிகழ்ச்சி முடியும்வரை உட்கார வேண்டும். இருட்டில் குறி தவறாமலிருக்க, வானியல் தொலைநோக்கிக்கான குறிகாட்டியை விளக்கின் முதுகில் ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு.

ரிமோட் வகையில் இந்த ஆள் காணாமல் போகவில்லை. கீழே இறங்கியிருக்கிறார், அவ்வளவுதான். மேலே டிரஸ்ஸில் மூவிங் ஹெட்டும் (மோட்டாரால் தலை திரும்பும் விளக்கு) கேமராவும். கீழே மேடைக்குப் பின்னால் ஒரு ஸ்டாண்டில் திரையும் கைப்பிடியும். கைப்பிடி திரும்பும் கோணம் சிக்னலாகப் போய் மேலே தலையைத் திருப்பும். செக் நாட்டு ரோப் நிறுவனத்தின் ரோபோஸ்பாட், பிஆர்ஜி நிறுவனத்தின் கிரவுண்ட் கன்ட்ரோல் எல்லாம் இந்த வகை. உயரத்தில் ஆளை உட்கார வைக்கும் ஆபத்து இல்லை, டிரஸ்ஸுக்கு ஆள் எடை இல்லை, ஆள் ஏற முடியாத மூலையிலும் விளக்கைத் தொங்கவிடலாம். ஆனால் திறமை அதே திறமைதான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மேடை முழு இருட்டாகும். பாடகர் எங்கே நடந்துபோய் நிற்கிறார் என்பதைத் திரையில் தேடிப் பிடித்து, முதல் சுரம் விழும் நொடியில் வட்டம் அவர் முகத்தில் இருக்க வேண்டும். இருட்டிலும் பார்க்கும் கேமரா இருந்தால் பிழைத்தோம். படம் திரைக்கு வந்து, கையசைவு விளக்குக்குப் போய்ச் சேர்வதில் ஒரு சிறு தாமதம் வேறு இருக்கிறது. நேரில் கண்ணால் பார்த்துப் பழகியவர்களுக்கு அதுதான் பெரிய எரிச்சல்.

நிஜமாகவே தானாக இயங்குபவை தனியே இருக்கின்றன. பிளாக்டிராக்ஸ் என்ற அமைப்பில் கலைஞரின் உடையில் அகச்சிவப்பு மினுக்கி, சாக்டிராக் என்ற அமைப்பில் ரேடியோ சிக்னல் அனுப்பும் சிறு பட்டை. அவர் நிற்கும் இடத்தைக் கணினி கணக்கிட்டு விளக்குகளைத் திருப்பும். ‘தானியங்கி’யை அதற்கு வைத்துக்கொள்வோம்.

> ஃபாலோ-மீ எந்தப் பக்கம்?

நல்ல கேள்வி. நெதர்லாந்துக்காரர்களின் ஃபாலோ-மீயில் ஒருவர் திரையில் மவுஸை நகர்த்தினால் பல விளக்குகள் சேர்ந்து திரும்பும். கணக்கு கணினியுடையது, ஆளை விடாமல் பிடிப்பது கை. ஆகவே ரிமோட் பக்கம் என்பேன். கலைஞர் உடையிலேயே பட்டையைக் கட்டி அதே கருவியோடு இணைத்தால் தானியங்கிப் பக்கம் போய்விடும். ஒரே கருவி இரண்டு பக்கமும் நிற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆகவே ரிமோட் வகை ‘தொலையியக்க ஆள்தொடர் விளக்கு’. பட்டை வகை ‘தானியங்கி ஆள்தொடர் விளக்கு’. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். கட்டுரையில் ஒருமுறை முழுசாக எழுதிவிட்டு அப்புறம் ‘ஆள்தொடர்’ என்றே ஓட்டலாம். மேடைக்காரர்களும் ‘ஃபாலோ’ என்று பாதியைத்தானே சொல்கிறார்கள். ‘தொலைக்கட்டுப்பாட்டு’ என்று மட்டும் போட வேண்டாம், வாயில் நுழையாது.

இயக்குபவருக்கு ‘ஆள்தொடர் இயக்குநர்’ என்றால் ஒளி இயக்குநரோடு குழம்பும். ‘இயக்குபவர்’ என்றே விடலாம். ஐரிஸ் பாக்கி இருக்கிறது. வட்டத்தைச் சுருக்கி விரிக்கும் பாகம் என்பதால் தற்போதைக்கு ‘வட்டச்சுருக்கி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். விரிப்பதும் அதே பாகம்தான் என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். வேறு நல்ல சொல்லோடு வாருங்கள்.