கேமிங் லேப்டாப்பிலிருந்து வெளி மானிட்டருக்கு 60 ஹெர்ட்ஸுக்கு மேல் வரவில்லை

கெடிலக்கரை, கடலூர்:
வணக்கம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் சில்லு உள்ள லேப்டாப்பை இரண்டாண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். அதன் சொந்தத் திரை 144 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பித்து ஓடுகிறது. சென்ற மாதம் 2560 × 1440 பிக்சல், 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று வாங்கினேன். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மூன்றையும் ஒரே யூஎஸ்பி-சி ஹப்பில் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் சிறு பெட்டி) இணைத்திருக்கிறேன். விண்டோஸ் அமைப்பில் 60-க்கு மேல் எந்த எண்ணும் தெரிவதில்லை. மவுஸை வேகமாக இழுத்தால், லேப்டாப் திரையில் வழுக்கிச் செல்லும் அம்புக்குறி பெரிய திரையில் விட்டுவிட்டுத் தாவுகிறது. ஹப்பின் அட்டையில் ‘4கே’ என்று அச்சிட்டிருந்ததைக் காட்டி, எல்லாம் வரும் என்றுதான் கடையில் சொன்னார்கள். எச்டிஎம்ஐ கேபிளை மாற்றியும் பயனில்லை. மானிட்டரில்தான் குறையா?

லாஸ்பேட்டைவாசி, புதுச்சேரி:
மானிட்டரைச் சந்தேகிக்கும் முன் ஹப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். 1440 பிக்சல் உயரத்தில் 144 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் நொடிக்கு ஏறத்தாழ 14 ஜிகாபிட் தரவு செல்ல வேண்டும். எச்டிஎம்ஐ-யின் 1.4 பதிப்பு சுமப்பது 8.16 ஜிகாபிட் மட்டுமே, 2.0 பதிப்பு சுமப்பது 14.4, அதாவது 144 ஹெர்ட்ஸ் மயிரிழையில் அடங்கும், 165 அடங்காது. விலை குறைந்த ஹப்களில் ‘4கே’ என்பது பெரும்பாலும் 30 ஹெர்ட்ஸில் கிடைக்கும் 4கே-தான். மேலும், யூஎஸ்பி-சி துளையில் உள்ள நான்கு அதிவேகத் தடங்களில் இரண்டை யூஎஸ்பி 3 துளைகளுக்கு ஒதுக்கிவிடும் ஹப்கள் பல உண்டு. காட்சிக்கு மிஞ்சுவது பாதிதான். சி துளையிலிருந்து, எச்டிஎம்ஐ போல மானிட்டரில் உள்ள இன்னொரு காட்சித் துளையான டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு நேராகச் செல்லும் கேபிளில் நான்கு தடங்களும் காட்சிக்கே கிடைப்பதால், டிஸ்ப்ளேபோர்ட்டின் 1.2 பதிப்பிலேயே 17.28 ஜிகாபிட் வரும். 165 ஹெர்ட்ஸுக்கு அது போதும். என்னிடம் அத்தகைய கேபிள் ஒன்று சும்மா கிடக்கிறது. ஞாயிறன்று கடலூர் வருகிறேன், கொண்டுவரட்டுமா?

மஞ்சக்குப்பம்:
மேலே நண்பர் சொன்னது சரி. ஆனால் ஹெர்ட்ஸ் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். சில லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை நேரே என்விடியா சில்லுக்கும், சி துளை பிராசசரின் உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்கும் செல்லும். சிலவற்றில் இது தலைகீழாக இருக்கும். உள்கிராபிக்ஸ் வழியே போனால், என்விடியா வரைந்த ஒவ்வொரு படத்தையும் அதற்குப் பிரதியெடுத்துக் கொடுத்த பிறகே திரைக்கு வரும் என்பதால் விளையாட்டில் வேகம் சற்றுக் குறையும். என்விடியா கன்ட்ரோல் பேனல் என்ற அமைப்பு மென்பொருளில் பிசிக்ஸ்எக்ஸ் (PhysX) என்ற பக்கத்தைத் திறந்தால் எந்தத் திரை எந்தச் சில்லோடு இணைந்திருக்கிறது என்று படமாகவே காட்டும்.

இன்னொன்று: டிஸ்ப்ளேபோர்ட்–எச்டிஎம்ஐ கேபிளை வாங்கிவிடாதீர்கள். லேப்டாப் பக்கம் எச்டிஎம்ஐ முனையைச் செருகி, ஒரு மாலை முழுவதும் கருந்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மட்டுமே வேலை செய்யும் ஒருவழிக் கேபிள்.

கெடிலக்கரை, கடலூர்:
இருவருக்கும் நன்றி. ஹப்பை விட்டு லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையிலேயே செருகியதும் பட்டியலில் 144 வந்துவிட்டது. ஞாயிறன்று நண்பர் கொண்டுவந்த கேபிளில் 165-உம் வந்தது; ஆனால் பிசிக்ஸ்எக்ஸ் பக்கத்தில் பார்த்தால், சி துளை உள்கிராபிக்ஸோடு இணைந்திருக்கிறது. ஒரே விளையாட்டை இரு வழியிலும் ஓடவிட்டுப் பார்த்தேன். கூட்டமான காட்சிகளில் எச்டிஎம்ஐ-தான் சீராக இருந்தது. ஆகவே 144-லேயே வைத்துக்கொண்டு, கேபிளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஹப்பில் இப்போது கீபோர்டும் மவுஸும் மட்டுமே இருக்கின்றன.