கொட்டிய திரவத்தில் இருந்த டிஎன்ஏ

எலும்பு ஆய்வுப் பிரிவிலிருந்து:

பல ஆண்டுகள் மண்ணில் கிடந்த தொடை எலும்பு ஒன்று எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. வழக்கப்படி அதைத் தூளாக்கி, கால்சியத்தைக் கரைக்க ஈடிடிஏ கரைசலில் ஊறவைத்து, சுழற்றி, மேலே தெளிந்ததைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய தூளிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தோம். ஆளை அடையாளம் காண எஸ்டிஆர் இடங்களை ஒப்பிடுவோம்; டிஎன்ஏவில் ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் அவை, எத்தனை முறை வருகிறது என்ற எண் ஆளுக்கு ஆள் மாறும். மூன்று முறை செய்தும் அவற்றில் பாதி இடங்களில் ஒன்றுமே எழவில்லை. மகனைத் தேடும் ஒரு தாயின் மாதிரி ஒப்பீட்டுக்காகக் காத்திருந்தது. அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனத்தது.

"கொட்டுகிறீர்களே, அதில் என்ன இருக்கிறது என்று யாராவது அளந்தீர்களா?" என்று கேட்டார் எங்கள் மூத்த ஆய்வாளர். அளந்தோம். டிஎன்ஏ இருந்தது! கால்சியம் கரையும்போது அதைப் பற்றியிருந்த டிஎன்ஏவும் கரைந்து வந்திருக்கிறது. நாங்களே அதைக் கழுவுதொட்டியில் ஊற்றியிருக்கிறோம்.

அடுத்த முறை ஈடிடிஏவோடு, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் நொதியையும் சேர்த்து, 56 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் வைத்துத் தூளை முற்றிலும் கரைத்தோம். ஒரு துளியும் கொட்டவில்லை. வேலை கூடியது உண்மைதான். அவ்வளவு திரவத்தையும் வடிகட்டிச் சுருக்க வேண்டும். டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் முறையை மண்ணின் ஹியூமிக் அமிலம் தடுக்கும்; டிஎன்ஏவைச் சிலிக்காவில் ஒட்டவைத்துக் கழுவி அதை நீக்க வேண்டும். ஆனால் இம்முறை இரண்டு இடங்களைத் தவிர எல்லாம் தெளிவாக எழுந்தன. அப்படி எழுந்த ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண் தாயுடையதோடு பொருந்தியது.

இன்னொருவர்:

அந்த இரண்டும் நீளமான துண்டுகளாக இருந்திருக்கும்; சிதைந்த டிஎன்ஏவில் அவை முழுதாக மிஞ்சுவது அரிது. தீயில் கருகிய பல்லில் எனக்கும் அப்படித்தான் நடந்தது. நகலெடுக்கும் பகுதியின் இரு முனைகளையும் குறிக்கும் பிரைமர்களை நெருக்கி வைத்து, குட்டையான துண்டை நகலெடுக்கும் மினி எஸ்டிஆரில் முயன்று பாருங்கள்.

மற்றொருவர்:

டிஎன்ஏ குறைய குறைய, நம்முடையது கலக்கும் அபாயம் கூடுகிறது. மாதிரி எதுவும் சேர்க்காமல் சோதனைக்காக வைக்கும் எங்கள் வெற்றுக் கட்டுப்பாட்டுக் குழாயில் ஒருமுறை எழுந்தது உடன் பணிபுரிபவரின் டிஎன்ஏ. ஜெர்மனியில் பல குற்ற இடங்களில் தேடப்பட்ட 'பெண்', மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சியைத் தொட்ட ஒருவர்தான் என்று 2009இல் தெரியவந்ததே! கிருமி நீக்கிய பொருள் டிஎன்ஏ நீங்கிய பொருள் ஆகாது. ஊழியர் அனைவரின் டிஎன்ஏ விவரமும் ஒப்பிடத் தயாராக இருக்க வேண்டும்.

முதலில் எழுதியவர்:

நன்றி. மினி எஸ்டிஆரில் அந்த இரண்டு இடங்களும் கிடைத்துவிட்டன. முன்பு விடை காணாமல் மூடிய கோப்புகளையும் எடுத்திருக்கிறோம். இரண்டில் எலும்பு மிச்சமில்லை. முழுவதையும் அப்போதே அரைத்துவிட்டோம்.