புதுப்பிப்பு: வீட்டு கேமரா, கடைசியில் வயர்தான்

வைஃபை கேமரா போதுமா, வயர் இழுக்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, வயரே இழுத்தாயிற்று. நாலு பிஓஇ கேமரா (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் எடுத்துக்கொள்பவை), ஒரு என்விஆர் (படத்தைப் பதிவு செய்யும் பெட்டி). கேட்6 என்ற நெட்வொர்க் கேபிள் ஒன்றிலேயே கரண்டும் படமும் போய்விடுவதால் கேமரா பக்கத்தில் பிளக் பாயிண்ட் தேட வேண்டாம், என்விஆரை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது.

ஹார்ட் டிஸ்க் கணக்கு கேட்டவர்களுக்கு: கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) என்றால் நாலுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு சுமார் 173 ஜிபி, 2 டிபியில் பதினோரு நாள் வரும்.

வாசல் கேட் பக்கத்து கேமராவில் ராத்திரி படம் வெளுத்துப்போனது, ஏறிப் பார்த்தால் லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை. கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சம் வலையில் பட்டுத் திரும்பித்தான் படம் வெளுக்கிறது. பூச்சி வரும் இடத்துக்குச் சிலந்தியும் வரும். ஒட்டடைக் கம்புதான் பராமரிப்பு!

அப்புறம், பாஸ்வேர்டை மாற்றிவிட்டே ஆப்பில் இணையுங்கள். மாட்ட வந்தவர் வைத்துவிட்டுப் போனது 'அட்மின்123'.