வீட்டிலிருந்து வேலை: டிக்கெட் எல்லாம் முடிகிறது, மனசுதான் சரியில்லை

தென்காசிக்காரன்:
கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவன், இன்னும் வீட்டிலிருந்துதான் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். சென்னையில் இருந்ததைவிட டிக்கெட் (வருகிற புகார்கள்) வேகமாக முடிகிறது, மேனேஜரும் குறை சொல்வதில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் யாரிடமும் பேசவே பிடிக்கவில்லை, லேப்டாப்பை மூடிய பிறகும் டீம்ஸ் ஆப் சத்தம் காதில் விழுகிற மாதிரியே இருக்கிறது. வேலை ஒழுங்காக நடந்தால் மனசும் நன்றாக இருக்க வேண்டாமா? உங்களுக்கு எப்படி?

ஓஎம்ஆர்வாசி:
இரண்டும் சேர்ந்தே போகும் என்று யார் சொன்னது? சீனாவில் சிட்ரிப் என்ற டிராவல் கம்பெனி 2010 கடைசியில், விருப்பப்பட்ட கால் சென்டர் ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூம் குழுவின் ஆய்வு அது. வேலை 13 சதவீதம் கூடியது. அதிலும் பெரும்பகுதி, இடைவேளையும் லீவும் குறைந்து கூடுதல் நேரம் உட்கார்ந்ததால் வந்தது (நீங்களும் அப்படித்தானா, பாருங்கள்). அப்புறம் எங்கே வேண்டுமோ அங்கே இருங்கள் என்றதும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்கள். முக்கியக் காரணம் தனிமை.

ரெண்டு பிள்ளை அம்மா:
சிட்ரிப் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், அதில் சேர வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். நம் சென்னையிலேயே டேட்டா என்ட்ரி ஆட்களை வைத்து இதே மாதிரி குலுக்கிப் பார்த்தார்கள், வீட்டில் இருந்தவர்களின் வேலை 18 சதவீதம் குறைவு. வீடுதான் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இன்னும் அதிகமாகக் குறைந்தது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பிள்ளை, மாமியார், சமையல் என்று வெளியே போக முடியாதவர்கள்தானே வீட்டைக் கேட்பார்கள்? போன் கால் நடுவே குக்கர் விசில், கேஸ்காரர், சின்னவனுக்குப் பென்சில். இதற்கு மேல் "வீட்டில் சும்மாதானே இருக்கே" வேறு.

வாரம் ரெண்டு நாள்:
அந்தச் சிட்ரிப் கம்பெனியே பிறகு 1,600க்கும் மேற்பட்டவர்களிடம் கலப்பு முறையைச் சோதித்தது, முடிவு 2024இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீடு, மற்ற நாள் ஆபீஸ். வேலைத்தரம் குறையவில்லை, வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தென்காசி, முதலில் ஷிஃப்ட் முடிந்ததும் போனில் டீம்ஸ் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். தூக்கமும் கெடுகிறது என்றால் தள்ளிப்போடாமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தென்காசிக்காரன்:
நன்றி. நோட்டிஃபிகேஷனை இன்றைக்கே அணைக்கிறேன். கலப்பு முறை நல்லதுதான், ஆனால் இங்கிருந்து வாராவாரம் சென்னை ஆபீஸ் என்றால் நான் பொதிகை எக்ஸ்பிரஸில்தான் குடியிருக்க வேண்டும். இந்தப் பக்கம் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.