திரையில் மின்னும் போஸ்டர் அச்சில் மங்கலாக வருகிறது, உதவி தேவை

வளர்பிறை:
வணக்கம். வீடியோக்கள் பார்த்து கிராஃபிக் டிசைன் கற்றுவருகிறேன். ஒரு நிகழ்ச்சிக்கு ஏ3 போஸ்டர் செய்தேன். கோப்பின் அகலம் 1080 பிக்சல். திரையில் பளிச்சென்று இருந்த நீலம் அச்சில் ஊதா கலந்து மங்கிவிட்டது. லோகோவின் ஓரங்கள் படிக்கட்டு மாதிரி தெரிகின்றன. அதைவிட, மொத்தமாகவே ஏதோ நெரிசலாக இருக்கிறது, ஏனென்று சொல்லத் தெரியவில்லை. ஆறு ஃபாண்ட் போட்டிருக்கிறேன். வேறு மென்பொருளுக்கு மாறினால் சரியாகுமா?

மைத்துளி:
மென்பொருள்மேல் பழி இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது (ஆர்ஜிபி), அச்சு மையால் (சிஎம்ஒய்கே). திரையின் மின்னும் நீலத்தை நான்கு மைகளால் கொண்டுவர முடியாது, ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். அச்சகத்தில் கலர் ப்ரொஃபைல் (அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கி, ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ சாஃப்ட் ப்ரூஃப் (அச்சு நிறத்தைத் திரையிலேயே காட்டும் முன்னோட்டம்) போட்டுப் பார்த்தபடியே நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அளவுக் கணக்கு: ஏ3 என்பது 297×420 மி.மீ. அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமென்றால் 3508×4961 தேவை. உங்கள் 1080 பிக்சலுக்கு அங்குலத்துக்கு 92தான் கிடைக்கும். தள்ளி நின்று பார்க்கும் போஸ்டருக்கு 150கூடப் போதும், 92 ரொம்பக் குறைவு. இப்போது போய் இமேஜ் சைஸில் எண்ணை ஏற்றாதீர்கள். இல்லாத விவரத்தை மென்பொருள் ஊகித்து நிரப்பும், அவ்வளவுதான்.

லோகோவை இங்க்ஸ்கேப்பில் வெக்டராக, அதாவது பிக்சலாக இல்லாமல் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாத கோடுகளாக, திரும்ப வரையுங்கள். ஜேபெக்கை பிடிஎஃப்பாகச் சேமித்தால் அது வெக்டர் ஆகிவிடாது, பலரும் அப்படி நம்புகிறார்கள். நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் பின்னணி) விடுங்கள்.

வண்ணக்கிளி:
முதலில் கலர் வீல் (நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் படம்) படியுங்கள், எல்லாம் தானாக வரும்.

கட்டம்:
எனக்கு அதில் உடன்பாடில்லை. நெரிசலுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. வளர்பிறை, கோப்பை நகலெடுத்து எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்குங்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். முதலில் எது கண்ணில் படுகிறது? நிகழ்ச்சியின் பெயர் படாமல் மூலையில் இருக்கும் பூ அலங்காரம் பட்டால், அங்கேதான் கோளாறு.

தலைப்பு, தேதி, இடம், மற்ற விவரம் என்று முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துங்கள். தலைப்புக்கும் தேதிக்கும் அளவு வித்தியாசம் துணிந்து இருக்கட்டும். 40க்குப் பக்கத்தில் 36 போட்டால் தெரியாமல் விட்டதுபோல இருக்கும், 96 போட்டால் முடிவெடுத்ததுபோல இருக்கும். ஃபாண்ட் ஒன்று போதும், அதிலேயே தடித்தது ஒன்று, சாதாரணம் ஒன்று. எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தாமல் இடது ஓரத்தில் ஒரே கோட்டில் சேருங்கள். தேதியும் நேரமும் ஒட்டி இருக்கட்டும், அடுத்த தகவலுக்கு முன் நல்ல இடைவெளி விடுங்கள். காலி இடத்தைப் பார்த்ததும் எதையாவது வைக்கத் தோன்றும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளையில் வாசிக்க முடிந்த பிறகு ஒரு நிறம் சேருங்கள்.

வண்ணக்கிளி:
சரி, வரிசை உங்களுடையதே இருக்கட்டும். ஆனால் வெள்ளைமேல் மஞ்சள் எழுத்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

வளர்பிறை:
கறுப்பு வெள்ளையில் பார்த்தேன், அலங்காரம்தான் முதலில் பட்டது! அதை எடுத்துவிட்டேன். இப்போது வேறு தொல்லை. ஃபோட்டோஷாப்பில் 'கொ' என்று ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிப் பிரிந்து நிற்கின்றன.

மைத்துளி:
பாராகிராஃப் பேனலின் மெனுவில் வேர்ல்ட் ரெடி லேஅவுட் என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்பு என்றால் முதலில் ப்ரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான விருப்பத்தை இயக்கி, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். அப்புறமும் எழுத்து குழம்பினால் ஃபாண்ட் யூனிகோட்தானா (இன்றைய பொது எழுத்துக் குறியீட்டில் அமைந்ததா) என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய ஃபாண்டில் யூனிகோட் எழுத்தை ஒட்டினால் சரியாக வராது.